கொடி கலையாமல் கிளை கழிப்பது எப்படி?

திண்டுக்கல் மாவட்டத்தில் சேவுகம்பட்டிக்கு அண்மையில் உள்ளது வத்தலக்குண்டு. ‘வெற்றிலைக்குண்டு’ என்பதே இப்பெயராக மருவிற்று என்பர். வெற்றிலைக் கொடிக்கால் ஒன்றினுள் சென்று பாருங்கள். நீண்ட பாத்திகளில் அகத்தி மரங்கள் நெருக்கமாக நிற்கும். ஒவ்வொன்றிலும் கொடி படர்ந்திருக்கும். ஆள் நடக்கப் பாத்திகளுக்கு இடையிலுள்ள வாய்க்கால் மட்டுமே வழி. இத்தனை நெருக்கத்திலும் அகத்தியின் கிளைகளைக் கழித்தே ஆகவேண்டும். ஏன்?

நிழலின் அளவு

வெற்றிலை நிழலை விரும்பும் கொடி. கடும் வெயில் பட்டால் இலை கருகும். நிழல் மிகுந்தாலோ ஈரம் உலராது தங்கும். மழைக்காலத்தில் பைட்டாப்தோரா என்னும் நுண்ணுயிர் பெருகி வாடல் நோயை உண்டாக்கும். எனவே கோடையில் தழையை விட்டுவைத்து, மழைக்கு முன் குறைக்க வேண்டும்.

அகத்தி சுமார் 4 மீட்டர் உயரம் வளர்ந்ததும் அதன் நுனியை வெட்டிவிடுவர். நுனி மொட்டில் உண்டாகும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் கீழிறங்கிப் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனி போனதும் அந்தத் தடை நீங்கிப் பக்கக் கிளைகள் பரவுகின்றன. மரம் உயராமல் குடையாகிறது.

முறியும் கிளை

விரைவாக வளரும் அகத்தியின் கட்டை மென்மையானது. பருத்த கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால், பாதி அறுபடும்போதே கிளை தன் பாரத்தால் முறிந்து, அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு வரும். வெற்றிலைக் கொடி தன் கணுவேர்களால் பற்றியிருப்பது அந்தப் பட்டையைத்தான்! பட்டை உரிந்தால் கொடியும் சரியும்.

இதைத் தவிர்க்க மூன்று வெட்டுகள் தேவை. முதலில், அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளிக் கிளையின் அடிப்புறத்தில் மூன்றில் ஒரு பங்கு அறுக்க வேண்டும். அடுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால், கிளை பட்டையை உரிக்காமல் விடுபடும். மூன்றாவதாக, எஞ்சிய துண்டை, கிளையின் அடியில் வளையம்போல் தடித்திருக்கும் பகுதிக்கு வெளியே அறுக்க வேண்டும். மரம் காயத்தை ஆற்றுவதில்லை. புதுத் திசுவால் அதை மூடி உள்ளே அடைத்துவிடுகிறது என்பதை அமெரிக்க அறிஞர் அலெக்ஸ் ஷைகோ 1970-களில் விளக்கினார். அந்த வளையத்தை வெட்டிவிட்டால், மூடும் வேலை தடைப்பட்டு அழுகல் உள்ளே புகும்.

விழும் வேகம்

4 மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழும் கிளை, வினாடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். கீழேயுள்ள இளங்கொடி அதைத் தாங்குமா? ஆகவே கிளையைச் சிறு துண்டுகளாகக் கழித்துக் கையில் வாங்க வேண்டும். பெரியதாயின் கயிற்றில் கட்டி வாய்க்காலில் இறக்க வேண்டும்.

வீட்டுத் தோட்டத்து மாவுக்கும் முருங்கைக்கும் இதே விதிதான். கிளையை வெட்டுமுன், அது எங்கே விழும் என்று ஒரு முறை கீழே பாருங்கள். கழித்த அகத்தித் தழை வீணாவதில்லை. ஆட்டுக்குத் தீவனமாகவும் வீட்டுக்குக் கீரையாகவும் பயன்படும்.