கேள்வி கேட்காத இன்ஸ்டலேஷன்

டோல்கேட்டிலிருந்து கடல் பக்கம் நடந்தால் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு. ஹார்பருக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் அங்கே வரிசை கட்டி நிற்பதைப் பார்க்காதவர் நம்மில் யார்? கேட்டில் கேட்கப்போகும் பேப்பர்களை முதலிலேயே அடுக்கி வைத்திருக்கும் டிரைவர் சட்டென்று உள்ளே போய்விடுவார். சீட்டுக்கு அடியில் துழாவுகிறவரோ தானும் நின்று, பின்னால் இருப்பவரையும் நிறுத்திவிடுவார். நண்பர்களே, கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேர் போடுவதும் இதே கதைதான்!

சென்ற ஆண்டு எங்கள் லேபில் 30 கம்ப்யூட்டர்களுக்கு ஃபெடோரா லினக்ஸ் போடும் வேலை எங்கள் நான்கு பேரிடம் வந்தது. என்ன மொழி, எந்தக் கீபோர்டு, எந்த ஊர் நேரம், ஹார்ட் டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது, பாஸ்வேர்டு என்ன என்று ஒவ்வொரு மெஷினும் கேட்கும். முதல் நாள் சாயங்காலம் வரை ஏழு மெஷின்தான் முடிந்தது. அதிலும் இரண்டில் நேரம் தப்பு. ஒன்றில் போட்ட பாஸ்வேர்டு யாருக்குமே ஞாபகம் இல்லை!

லேப் சார்தான் வழி சொன்னார். "பதிலை எல்லாம் ஒரு ஃபைல்ல எழுதிக் குடுங்கப்பா, அதுவே படிச்சுக்கும்." இந்த ஃபைலுக்குக் கிக்ஸ்டார்ட் என்று பெயர். ரெட் ஹேட் லினக்ஸில் 1990-களிலேயே வந்துவிட்ட முறை இது. விண்டோஸிலும் இப்படி ஒரு பதில் ஃபைல் உண்டு. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு அடிப்படை டெபியன். அதில் இதைப் பிரிசீட் என்கிறார்கள்.

செய்முறை எளிது. ஃபெடோராவின் லைவ் பதிப்பு வேண்டாம். சர்வர் பதிப்பை எடுத்து, ஒரே ஒரு மெஷினில் மட்டும் கையால் இன்ஸ்டால் செய்யுங்கள். நீங்கள் சொன்ன பதில்களை அதுவே 'அனகோண்டா-கேஎஸ்' என்ற ஃபைலில் எழுதி, ரூட் யூசரின் டைரக்டரியில் வைத்திருக்கும். அதைத் திருத்தி, 'கேஎஸ்.சிஎஃப்ஜி' என்று பெயர் மாற்றி, ஒரு பென்டிரைவில் போடுங்கள். பென்டிரைவின் லேபிள் 'ஓஇஎம்டிஆர்வி' என்று இருந்தால் இன்ஸ்டாலர் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். ஏதாவது ஒரு பதில் விட்டுப்போனால் அந்த இடத்தில் மட்டும் நின்று கேட்கும்.

மறுநாள் மத்தியானத்துக்குள் மீதி எல்லாம் முடிந்தது. கைதட்டிக்கொண்டோம். ஆனால் ஒரு தவறு நடந்துவிட்டது. அந்தத் தவறு என்னுடையது. 'பழைய பார்ட்டிஷன் எல்லாவற்றையும் அழி' என்று எழுதிய நான், எந்த டிஸ்க்கில் என்று எழுதவில்லை. ஒரு மெஷினில் இரண்டாவது டிஸ்க் இருந்தது. அதில் இறுதியாண்டு நண்பன் ஒருவனின் புராஜெக்ட், மூன்று மாத உழைப்பு! பிரிண்ட் எடுத்திருந்த பாதியை வைத்துக்கொண்டு, மீதியை இரவெல்லாம் உட்கார்ந்து அவனோடு நானும் டைப் அடித்தேன்.

கையால் செய்யும்போது இன்ஸ்டாலர் "அழிக்கட்டுமா?" என்று கேட்கும், நமக்கும் ஒரு நிமிஷம் யோசனை வரும். பதில் ஃபைல் அந்த நிமிஷத்தை எடுத்துவிடுகிறது. ஆகவே அந்த யோசனையை ஃபைல் எழுதும்போதே முடித்துவிட வேண்டும். எந்த டிஸ்க் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பாஸ்வேர்டை அப்படியே எழுதாமல் ஹேஷ் செய்து எழுதுங்கள். காலி மெஷின் ஒன்றில் ஓட்டிப் பார்த்த பிறகே மற்றவற்றுக்குப் போங்கள். அதற்கும் முன்னால், அந்த மெஷினில் யாருடைய உழைப்பு இருக்கிறது என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை எந்த ஃபைலும் நமக்காகக் கேட்காது!