கிறிஸ்ஸுக்கு ஒரு கதை

உட்காருங்கள், டீ சொல்லியாகிவிட்டது. ஒரு டீயோடு முடிகிற பேச்சு இல்லை, நடுவில் இன்னொன்று வரும்.

'ஃபேன் ஃபிக்ஷன்' என்று வீட்டுப் பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஒருவர் படைத்த உலகத்துக்குள் இன்னொருவர் புகுந்து, பெரும்பாலும் காசு வாங்காமல், தன் ஆசைக்கு எழுதும் கதை. கல்கி 'பொன்னியின் செல்வ'னை முடித்த பிறகு விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினாரே, அதை இதற்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். இந்தக் கதைகளில் ஒரு தனிக் கிளை உண்டு. கற்பனைப் பாத்திரங்களை விட்டுவிட்டு, உயிரோடு நடமாடுகிற ஆட்களையே பாத்திரமாக்கிக்கொள்வது. பாப் குழுக்களைப் பற்றி ரசிகர்கள் எழுதிக் குவிப்பவையெல்லாம் இந்தக் கிளைதான். அதற்குள்ளும் ஒரு சின்னக் கூட்டம், குழுவில் எல்லோரும் கொண்டாடுகிறவரை விட்டுவிட்டு, போஸ்டரில் ஓரமாக நிற்பவரைப் பற்றி எழுதுகிறது. அவர்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இதெல்லாம் இன்டர்நெட் காலத்துப் பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். 1826 ஜூன் மாதம், இங்கிலாந்தில் ஹாவர்த் என்ற ஊரின் பாதிரியார் பேட்ரிக் பிரான்டே, மகன் பிரான்வெல்லுக்கு மரச் சிப்பாய் பொம்மைகள் வாங்கி வந்தார். பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். சார்லட் பாய்ந்து எடுத்த பொம்மைக்கு வெலிங்டன் பிரபு என்று பெயர் வைத்தாள். பிரான்வெல் தன்னுடையதற்கு நெப்போலியன் என்றான். எமிலியின் பொம்மை முகத்தை உம்மென்று வைத்திருந்ததால் 'கிரேவி' ஆயிற்று (ஆங்கிலத்தில் 'கிரேவ்' என்றால் உம்மென்று இருப்பது). கடைக்குட்டி ஆனிக்கு ஆறு வயது. அவள் எடுத்தது அவளைப் போலவே விசித்திரமான ஒரு சின்ன உருவம். அதற்குக் கிடைத்த பெயர் 'வெயிட்டிங் பாய்', நம் வழக்கில் எடுபிடிப் பையன். பின்னாளில் நிஜ வெலிங்டன் பிரிட்டனின் பிரதமராக இருந்த காலத்தில், அந்த ஊரில் இருந்துகொண்டு சார்லட் அவரையும் அவர் மகன்களையும் வைத்துக் கதை கதையாக எழுதினாள். உலகமே அறிந்த நாயகனை எடுப்பவர் ஒருவர், எடுபிடிப் பையனை எடுப்பவர் ஒருவர் என்ற பிரிவினை அந்த வீட்டிலேயே இருந்திருக்கிறது.

இனி பாட்டுக்கு வருவோம். உதாரணத்துக்கு எனக்கு நன்றாகத் தெரிந்த குழுவை எடுத்துக்கொள்கிறேன்: என்சிங்க். 1995இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகரில் தொடங்கியது. யூனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்காவில் பாடிக்கொண்டிருந்த கிறிஸ் கிர்க்பேட்ரிக் என்பவர்தான் ஆள் சேர்த்தார். பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் குழுவுக்குப் பின்னால் இருந்த முதலாளி லூ பேர்ல்மன், நல்ல குரல்களைக் கொண்டுவந்தால் தான் பணம் போடுவதாகச் சொன்னார். கிறிஸ் தேடினார். ஜஸ்டின் டிம்பர்லேக் கிடைத்தார், அப்போது பதினான்கு வயது. டிஸ்னி டிவியின் மிக்கி மவுஸ் கிளப்பில் ஜஸ்டினோடு இருந்த ஜேசி ஷாஸே வந்தார். அதே யூனிவர்சல் பூங்காவில் வேலை பார்த்த ஜோயி ஃபடோன் வந்தார். அடிக்குரலுக்கு மிசிசிப்பியிலிருந்து பதினாறு வயது லான்ஸ் பாஸ் கடைசியாகச் சேர்ந்தார். 2000 மார்ச்சில் வந்த அவர்களின் ஆல்பம் முதல் வாரத்திலேயே அமெரிக்காவில் 24 லட்சம் பிரதி விற்றது. அந்தச் சாதனையை 2015இல் பாடகி அடெல் வந்துதான் உடைத்தார்.

முன்குரல் யாருக்கு? ஜஸ்டினுக்கும் ஜேசிக்கும். மற்ற மூவரும் சேர்ந்திசைக்கு. கல்யாணத்தைப் பேசி முடித்த தரகர் போட்டோவில் கடைசி வரிசையில் நிற்பாரே, கிறிஸ்ஸின் நிலை ஏறக்குறைய அதுதான். அவர் ஜஸ்டினைவிட ஒன்பது வயது மூத்தவர். பதினைந்து வயதுப் பெண் அறைச் சுவரில் யார் படத்தை ஒட்டுவாள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போதைய கே-பாப், அதாவது கொரிய பாப், ரசிகர்களிடம் இந்தக் கணக்கு இன்னும் துல்லியம். ஒரு பாட்டில் யாருக்கு எத்தனை விநாடி கிடைத்தது என்று ரசிகர்களே அளந்து வீடியோ போடுகிறார்கள். தனக்குப் பிடித்தவரை 'பயஸ்' என்பார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளும் இந்தச் சொல்லைச் சரளமாகச் சொல்லக் கேட்கிறேன்.

சரி, ஓரத்து ஆளுக்கு ரசிகர் கதைகளில் என்ன வேலை கிடைக்கிறது? அவர் வராமல் இல்லை, வருவார். கதவைத் தட்டி பீட்ஸா கொடுப்பார். நாயகன் மனமுடைந்து கிடக்கும்போது இரண்டு வரி புத்தி சொல்வார். ஜோக் அடித்துவிட்டுப் போய்விடுவார். ஒன் டைரக்ஷன் குழுவின் ஹாரி ஸ்டைல்ஸை நாயகனாக்கி அன்னா டாட் 2013இல் வாட்பேட் தளத்தில் எழுதத் தொடங்கிய 'ஆஃப்டர்' கதை அடுத்த ஆண்டே புத்தகமாகி, 2019இல் சினிமாவும் ஆனது. புத்தகமானபோது பெயர்களை மாற்றினார்கள்: ஹாரி ஹார்டின் ஆனார், அதே குழுவின் லூயி லோகன் ஆனார், நைல் நேட் ஆனார். ஹார்டினைச் சுற்றி ஒரு தொடரே எழுந்தது. லோகனும் நேட்டும் நாயகனின் நண்பர் கூட்டத்தில் இரண்டு பேர். நிஜக் குழுவில் ஐந்து பேரும் சமமாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், கதையில் அந்தச் சமமும் கிடையாது.

தானும் ஓரத்தில் நிற்கிறவர்கள்தான் ஓரத்து ஆளைப் பற்றி எழுதுவார்கள் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். சிலருக்கு அது பொருந்தலாம். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. எழுத்து ருசிக்காகவே அந்தப் பக்கம் போகிறவர்கள் உண்டு. ஜஸ்டினைப் பற்றி எழுத உட்கார்ந்தால் வாசகர் மனதில் ஜஸ்டின் ஏற்கெனவே நிரம்பி இருக்கிறார். அவர் எப்படிச் சிரிப்பார், எதற்குக் கோபப்படுவார் என்று எல்லோரும் முடிவு செய்துவைத்திருக்கிறார்கள். அவரை ஒரு முறை முகம் சுளிக்க வைத்தாலும் 'எங்க ஜஸ்டின் அப்படிச் செய்யமாட்டார்' என்று சண்டைக்கு வருவார்கள். கிறிஸ் விஷயத்தில் அப்படி யாரும் வரமாட்டார்கள். இடம் காலியாக இருக்கிறது. அந்த வசதிக்கு விலையும் உண்டு: வாசகர் குறைவு.

டீ வந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படி எழுத வருபவர்கள் முதலில் செய்வது பழிவாங்கும் கதை. நாயகனுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும், கிறிஸ் முன்னால் வந்து பாடுவான், அரங்கமே எழுந்து நின்று அவன் பெயரைச் சொல்லிக் கத்தும். (கதைக்குள் இருப்பவனை 'அவன்' என்கிறேன், வெளியில் இருப்பவர் எப்போதும் 'அவர்'தான். காரணம் பிறகு வரும்.) எழுதியவருக்கு மனம் குளிரும். ஆனால் என்ன நடந்துவிட்டது? கிறிஸ்ஸைத் தூக்கி ஜஸ்டின் இடத்தில் வைத்தாயிற்று. பெயர் மட்டும் மாறிய இன்னொரு ஜஸ்டின் கதை. ஓரத்திலிருந்து மட்டுமே தெரிகிற காட்சி ஒன்று இருந்தது, அதையும் சேர்த்துத் தொலைத்துவிட்டோம். இதற்கு நேர் எதிரான இன்னொரு வகையில் அவன் இருட்டு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருப்பான். அது இதைவிட மோசம். தன் வேலையை நன்றாகச் செய்து, நன்றாகச் சாப்பிட்டு, நண்பர்களோடு கூத்தடித்த ஒரு மனிதரை நம் பரிதாபத்துக்குத் தீனியாக்குவது அது.

நல்ல கதைக்கான இடம் வேறு. அந்த ஆளுக்கு மட்டுமே தெரியக்கூடியது எது என்று கேட்க வேண்டும். என்சிங்க் வரலாற்றில் அப்படி ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. ஊர் ஊராக ஓய்வில்லாமல் பாடி, லட்சக்கணக்கில் ஆல்பம் விற்ற பிறகு, பேர்ல்மன் ஒரு விருந்து வைத்து ஐந்து பேருக்கும் உறை கொடுத்தார். உள்ளே இருந்த காசோலை தலைக்குப் பத்தாயிரம் டாலர். இதைப் பல வருடம் கழித்து லான்ஸ் பாஸ் சொல்லியிருக்கிறார். பிறகு 1999இல் பேர்ல்மனோடு வழக்கு, சமரசம், வேறு கம்பெனி. 2000இல் வந்த அந்தச் சாதனை ஆல்பத்துக்கு 'நோ ஸ்டிரிங்ஸ் அட்டாச்டு' (கயிறு எதுவும் கட்டவில்லை) என்று பெயர் வைத்ததும், 'பை பை பை' வீடியோவில் ஐந்து பேரும் கயிற்றில் ஆடும் பொம்மைகளாக வருவதும் அந்தச் சண்டையின் தழும்புகள். பேர்ல்மன் பின்னால் பெரிய முதலீட்டு மோசடியில் மாட்டி, 2008இல் 25 ஆண்டு தண்டனை பெற்று, 2016இல் சிறையிலேயே இறந்தார்.

அந்த விருந்து மேசையை எழுதுங்கள். ஜஸ்டினுக்கு வரும் கோபத்தை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம், நேரான கோபம் அது. கிறிஸ்ஸுக்கு? இந்த முதலாளியிடம் முதலில் பேசியவன் அவன். மற்ற நால்வரும் அவன் தொடங்கிய தேடலில் வந்து சேர்ந்தவர்கள். உறையைப் பிரித்ததும் அவன் காசோலையைப் பார்ப்பானா, எதிரில் இருக்கும் பையன்களின் முகத்தைப் பார்ப்பானா? ஜோக் அடிக்கிறவன் என்று பெயர் வாங்கியவன் அந்த நிமிடத்தில் வாயைத் திறந்தால் என்ன வரும்? வந்தது ஜோக்காக இருந்தால் அதற்கு யாராவது சிரித்தார்களா? எந்தத் தனிப்பாட்டும் கொடுக்காமல், எந்தக் கைதட்டலும் வாங்காமல், அவன் கதையின் நடுவுக்கு வந்துவிட்டான். இந்தக் காட்சியை ஜஸ்டினின் கண் வழியாக எழுதவே முடியாது.

தகவல் தேடினால் கிடைக்கும், ஓரத்து ஆள் என்பதற்காக வாழ்க்கை காலியாக இருப்பதில்லை. லான்ஸ் 2002இல் ரஷ்யாவின் ஸ்டார் சிட்டிக்குப் போய் விண்வெளிப் பயணத்துக்கு மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தார். பணம் போடுவதாகச் சொன்னவர்கள் கைவிட்டதால் ராக்கெட்டில் ஏற முடியவில்லை. எனக்குப் பிடித்தது கிறிஸ்ஸைப் பற்றியதுதான். 'தி ஃபேர்லி ஆட்பேரண்ட்ஸ்' என்ற கார்ட்டூனில் சிப் ஸ்கைலார்க் என்று ஒரு பாத்திரம், ஊரே மயங்கும் பாப் நட்சத்திரம். அதற்குக் குரல் கொடுத்துப் பாடியவர் கிறிஸ். குழுவில் முன்குரல் கிடைக்காதவருக்குக் கார்ட்டூனில் முன்குரல். இதை நானே கற்பனையாக எழுதியிருந்தால் ரொம்பச் செயற்கை என்று எடிட்டர் அடித்திருப்பார்.

இனி அந்த 'அவன்', 'அவர்' விஷயம். இவர்கள் நிஜ மனிதர்கள். அதனாலேயே ஃபேன்ஃபிக்ஷன்.நெட் தளம் நிஜ ஆட்களைப் பற்றிய கதைகளைத் தடை செய்திருக்கிறது. 2009இல் திறந்த 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற ரசிகர் களஞ்சியம் அனுமதிக்கிறது. (2019இல் அந்தக் களஞ்சியத்துக்கே அறிவியல் புனைகதை உலகின் ஹ்யூகோ விருது கிடைத்தது, ரசிகர் எழுத்துக்கு அவ்வளவு மதிப்பு வந்துவிட்டது.) அனுமதி இருக்கிறது என்பதால் கேள்வி தீர்ந்துவிடாது. என்சிங்க் புகழின் உச்சத்தில் இருந்தபோது ரசிகர்கள் அந்த ஐந்து பேருக்குள்ளேயே காதல் கதைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதே காலத்தில் லான்ஸ் தான் ஒருபால் ஈர்ப்பு உள்ளவர் என்பதை மறைத்து வாழ்ந்துகொண்டிருந்தார். வெளியே தெரிந்தால் குழுவே முடிந்துவிடும் என்று பயந்ததாக 2006இல் வெளிப்படையாகச் சொன்னபோது தெரிவித்தார். கதை எழுதியவர்களுக்கு அது விளையாட்டு, அவருக்கோ மற்ற நால்வரின் பிழைப்பையும் சேர்த்துச் சுமந்த பயம். யூகம் பலித்துவிட்டது என்று யாராவது பெருமைப்பட்டிருந்தால் அது அசிங்கம்.

எழுதாதே என்று நான் சொல்லவில்லை. பொறுப்பான ரசிகர் எழுத்தாளர்கள் கடைப்பிடிக்கும் சில நாகரிகங்கள் உண்டு. முழுக்கக் கற்பனை என்று தலைப்பிலேயே சொல்வார்கள். எழுதியதை அந்த நபரிடம் கொண்டுபோய் நீட்டமாட்டார்கள். மனைவி, குழந்தைகளைக் கதைக்குள் இழுக்கமாட்டார்கள். ஓரத்து ஆள் விஷயத்தில் இதற்குக் கூடுதல் கவனம் தேவை என்பது என் கருத்து. ஜஸ்டினைப் பற்றிய ஒரு கதை ஆயிரத்தோடு ஆயிரத்தொன்று. கிறிஸ்ஸையோ ஜோயியையோ பற்றிக் கொஞ்சம்தான் இருக்கிறது, அதில் ஒன்று அவமானமாக இருந்தால் பெயரைத் தேடுகிறவர் கண்ணில் அதுதான் முதலில் படும்.

எழுதிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஜோயியை எடுத்துக்கொள்ளுங்கள், அவரைத்தான் இன்னும் யாரும் ஒழுங்காக எழுதவில்லை என்பது என் குறை. 2001 சுற்றுப்பயணத்துக்கான ஒத்திகையில் மேடையின் பொறிக்கதவில் சிக்கி அவர் காலில் பலத்த அடி பட்டது. கட்டுப் போட்ட காலோடு அவன் அரங்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், மேடையில் மற்ற நால்வரும் ஆடிப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்வையாளர் பக்கத்திலிருந்து தன் குழுவை அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவன் நிற்கும் இடத்தை மற்றவர்கள் காலியாக விட்டு ஆடுகிறார்களா, நெருங்கி நின்று நிரப்பிவிடுகிறார்களா என்பதிலிருந்து தொடங்குங்கள். தயவுசெய்து யார் கையிலும் பீட்ஸா மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.