ஓர் இலையும் பல பொருளும்



ஆங்கிலத்தில் 'லீஃப்' என்று ஒரு சொல் உண்டு. அதற்கு நான்கே எழுத்துகள். 'இலை' என்று பொருள் சொல்லிவிட்டால் பாடம் முடிந்தது என்று நீங்கள் எண்ணலாம். நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். நீலகிரி மலையிலே 35 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். இந்தச் சிறு சொல்லை எனக்குச் செவ்வையாகக் கற்றுக்கொடுத்தவன் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன். அந்தக் கதையைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் சொல்லைப் பார்ப்போம்.

மரத்து இலையைக் குறிப்பதுதான் இச்சொல்லின் முதற்பொருள். ஜெர்மானிய மொழியில் தழையைக் குறிக்கும் 'லௌப்' என்ற சொல் இதற்கு உறவினன். பன்மையிலே ஈற்றொலி மாறி 'லீவ்ஸ்' ஆகிவிடும். 'லீஃப்ஸ்' என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் கோடிடுவார். ஆயினும் கனடா நாட்டு டொராண்டோ நகரத்துப் பனிவளைக்கோல் பந்தாட்டக் குழுவின் பெயர் 'மேப்பிள் லீஃப்ஸ்' என்பதே. பெயராக வைத்துவிட்ட பிறகு இலக்கணம் அங்கே தலையிடுவதில்லை. விடுமுறையைக் குறிக்கும் 'லீவ்' என்பது ஒலியில் நெருங்கியிருப்பினும் பிறப்பில் வேறு சொல்; அனுமதி என்பதே அதன் பழம்பொருள். ஆதலின் விடுப்பு விண்ணப்பத்தில் இலையைத் தேட வேண்டாம்.

இனி, இலை எவ்வாறு புத்தகத்திற்குள் புகுந்தது என்று பார்ப்போம். தமிழர்க்கு இதைப் புரியவைப்பது மிக எளிது. நம் முன்னோர் பனையோலையிலே எழுதினர். ஆகவே ஓலை என்ற சொல்லுக்குக் கடிதம் என்ற பொருளும் உண்டாயிற்று. ஓலை ஏடு நூலின் ஏடாயிற்று. அச்சு இயந்திரம் வந்த பின்னரும் நாளேடு, வார ஏடு என்றே சொல்லிவருகிறோம். இலத்தீன் மொழியிலும் இதே கதைதான். 'ஃபோலியம்' என்றால் இலை. அதிலிருந்து பிறந்த 'ஃபோலியோ' புத்தகத் தாளைக் குறித்தது. ஆங்கிலேயரும் தாளை 'லீஃப்' என்றனர். ஒரு நுட்பத்தை மட்டும் மனத்திற் கொள்ளுங்கள். 'பேஜ்' என்பது ஒரு பக்கம். 'லீஃப்' என்பது இரு பக்கங்களும் சேர்ந்த முழுத் தாள். வினாத்தாளின் அடியில் 'ஓவர்லீஃப்' என்று கண்டால் தாளைத் திருப்பிப் பாருங்கள். திருப்பாமல் பாதி வினாக்களை விட்டுவந்த மாணவர் பலரை நான் அறிவேன்.

இது தெரிந்தால் இரண்டு மரபுத் தொடர்கள் தாமே விளங்கும். 'டர்ன் ஓவர் எ நியூ லீஃப்' என்பதைப் 'புதிய இலையைத் திருப்பினான்' என்று மொழிபெயர்த்தார் ஒருவர். கறைபட்ட தாளைத் தள்ளிவிட்டுத் தூய தாளில் எழுதத் தொடங்குவது போலத் தீய வழக்கத்தை விட்டுத் திருந்தினான் என்பதே கருத்து. 'டேக் எ லீஃப் அவுட் ஆஃப் சம்ஒன்ஸ் புக்' என்றால், பிறருடைய புத்தகத்திலிருந்து தாளைக் கிழிப்பது அன்று; அவருடைய நல்ல வழியைப் பின்பற்றுவது. நிதானமாகப் படிக்காமல் தாள்களைப் புரட்டிச் செல்வதை 'லீஃப் த்ரூ' என்பார்கள்.

இலை மெல்லியது, தட்டையானது. அந்தக் குணம் உடைய பொருள்களுக்கும் இப்பெயர் சென்றது. தங்கத்தை அடித்து மெலிவித்த ரேக்கு 'கோல்ட் லீஃப்' ஆகும். விருந்தினர் வந்தால் மேசையின் ஓரத்திலிருந்து தூக்கி நிறுத்தும் பலகையும், இரட்டைக் கதவில் ஒரு கதவும் 'லீஃப்' எனப்படும். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் லாரியின் அடியில் குனிந்து பாருங்கள். அடுக்கடுக்காக இருக்கும் எஃகுப் பட்டைகளுக்கும் 'லீஃப் ஸ்பிரிங்' என்பதே பெயர்.

காற்றிலே அசையும் இலையைக் கண்டு, அச்சத்தால் வெடவெடவென நடுங்குபவனை 'இலை போல நடுங்கினான்' என்றார்கள். ஆதாமும் ஏவாளும் அத்தியிலையால் உடலை மறைத்ததாக விவிலியம் கூறுவதால், குற்றத்தை மறைக்கக் காட்டும் அற்பச் சாக்குக்கு 'ஃபிக் லீஃப்' என்று பெயர் வந்தது. கோப்பையின் அடியில் தங்கிய சக்கையைப் பார்த்துக் குறி சொல்லும் பழக்கத்திலிருந்து, சிறு அறிகுறிகளைக் கொண்டு வருவதை ஊகிப்பது 'ரீடிங் த டீ லீவ்ஸ்' ஆயிற்று. இலண்டன் நகரத்துச் சாமானியர் பேச்சிலோ 'டீ லீஃப்' என்றால் திருடன்! 'தீஃப்' என்ற சொல்லோடு எதுகை பொருந்துவதால் விளையாட்டாக அமைந்த குழூஉக்குறி அது.

இவ்வளவு பொருளா என்று வியக்க வேண்டாம். நம் 'இலை' மட்டும் சளைத்ததா? திருமண வீட்டிலே 'இலை போட்டாயிற்று' என்றால் பந்தி தயார் என்பது பொருள். சமையற்காரர் 'எத்தனை இலை?' என்று கேட்டால் உண்போர் எத்தனை பேர் என்பது பொருள். இதை ஓர் ஆங்கிலேயரிடம் சொல்லுக்குச் சொல் பெயர்த்துச் சொன்னால் அவர் வாழைத்தோட்டத்தை நினைத்துக்கொள்வார். ஆகவே, சொல்லின் பொருள் அதனைச் சூழ்ந்த வாழ்க்கையிலே இருக்கிறது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இதை நான் படித்துத் தேர்வும் எழுதினேன். ஆனால் வகுப்பறையில் மறந்தேன்.

1964-இல் இந்திய, இலங்கை அரசுகள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, இலங்கைத் தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பல தாயகம் திரும்பின. அவர்களுக்கு வாழ்வளிக்கத் தமிழக அரசு 1968-இல் நீலகிரியிலே தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. அப்படி வந்த ஒரு குடும்பத்துப் பிள்ளை, 1980-களில் என் வகுப்பிலே படித்தான். 'எங்கள் வீடு' என்ற தலைப்பில் ஆங்கிலத்தில் பத்து வரி எழுதச் சொன்னேன். அவன் எழுதினான்: 'மை மதர் பிளக்ஸ் லீஃப். பிகாஸ் ஆஃப் ஃபிராஸ்ட், லீஃப் இஸ் லெஸ்.'

ஒரே ஓர் இலையைப் பறிக்க ஒரு தாய் மலையேறுவாளா என்று கேட்டு, அதை வகுப்பில் உரக்கப் படித்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். 'லீஃப்' வரும் இடமெல்லாம் 'லீவ்ஸ்' என்று சிவப்பு மையால் திருத்தினேன். "ஐயா, எடைச் சீட்டில் அப்படித்தான் எழுதியிருக்கும்" என்றான் அவன். "எடைச் சீட்டா இலக்கணம்?" என்று சொல்லி உட்காரவைத்தேன். அதன் பிறகு அவன் சொந்தமாக ஒரு வாக்கியமும் எழுதவில்லை. கரும்பலகையில் இருப்பதை மட்டும் பார்த்து எழுதினான். அவன் அடங்கிவிட்டான் என்று மகிழ்ந்தவன் நான்.

சில வாரங்கள் கழித்து, வேறு ஒரு காரியமாகத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்குப் போனேன். மாலை எடை நடந்துகொண்டிருந்தது. கணக்கேட்டின் தலைப்பிலே, ஆளின் பெயருக்கு அடுத்த கட்டத்தில், 'லீஃப்' என்ற சொல் ஒருமையிலே கொட்டை எழுத்தில் இருந்தது. பறித்த பசுந்தேயிலை முழுவதற்கும் அத்தொழிலில் அதுவே பெயர். அரிசியை நாம் எண்ணாமல் அளப்பது போல, அவர்கள் இலையை எண்ணுவதில்லை, நிறுக்கிறார்கள். சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலையை விலைக்கு வாங்கித் தூளாக்கும் ஆலைக்கும் 'பாட் லீஃப் ஃபாக்டரி' என்றே பெயர். ஏறத்தாழ நான்கு முதல் நாலரைக் கிலோ பசுந்தேயிலை, வாட்டி, நசுக்கி, புளிக்கவைத்து, உலர்த்திய பின் ஒரு கிலோ தூளாகிறது. 1963 முதல் நடந்துவரும் குன்னூர் ஏலத்திலோ 'லீஃப்', 'டஸ்ட்' என்று இரு பிரிவுகள். அங்கே 'லீஃப்' என்பது பருமனான தூள். 'டஸ்ட்' என்பது குப்பை அன்று, நம் கடைகளில் கொதிக்கும் நுண்தூள். செடியில் ஒன்று, கூடையில் ஒன்று, ஏலத்தில் ஒன்று என ஒரே தொழிலில் ஒரு சொல்லுக்கு மூன்று பொருள்!

அங்கே இன்னொன்றும் கற்றேன். இரண்டு இலையும் ஒரு 'பட்'டும் பறிப்பது நல்ல பறிப்பு என்பர். 'பட்' என்பதை 'மொட்டு' என்றே நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அது பூவாகும் மொட்டு அன்று. இலையாக விரியப்போகும் இளங்குருத்து. பறிக்கும் பெண்கள் அதைக் 'கொழுந்து' என்றே சரியாகச் சொல்கிறார்கள்.

வீடு திரும்பிப் பெரிய அகராதியை எடுத்தேன். தேயிலை, புகையிலை போன்றவற்றின் விளைச்சலை மொத்தமாகக் குறிக்கும் பொருள் அதிலும் இருந்தது. நான் தான் முதற்பொருளோடு நின்றிருந்தேன். என் இலக்கணம் அன்று ஏட்டுச் சுரைக்காயாயிற்று. அதைவிட என்னை வருத்தியது வேறொன்று. உறைபனியில் கொழுந்து கருகினால் எடை குறையும். எடை குறைந்தால் ஊக்கத்தொகை குறையும். அந்த மாதம் வீட்டுச் செலவு இறுகும். இதைத்தான் அந்தப் பிள்ளை இரண்டு வாக்கியங்களில் எழுதியிருந்தான். நான் அதிலே பன்மை விகுதியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவனுடைய குறிப்பேட்டை வாங்கி, வகுப்பின் முன்னிலையில் என் திருத்தங்களை அடித்தேன். 'லெஸ்' என்ற சொல் அங்கே பொருந்தாது என்பதை மட்டும் சொன்னேன். 'லீஃப்' முற்றிலும் சரி என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரக் கட்டுரையில் நான்கு வரி சொந்தமாக எழுதியிருந்தான். அதிலே மூன்று பிழைகள் இருந்தன. அவற்றைக் காண எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

மாணவர்களே, ஒரு சொல்லைக் கண்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். அதன் பக்கத்தில் நிற்கும் சொற்கள் எவை? அதைச் சொல்பவர் யார், அவர் தொழில் என்ன? அகராதியில் அச்சொல்லின் கடைசிப் பொருள் வரை படித்தோமா? இம்மூன்றையும் கேட்காமல் பிறர் வாக்கியத்தைப் பிழை என்று சொல்லாதீர்கள். இந்தப் பாடம் என் புத்தகத்தில் இல்லை. அந்த மாணவனுடைய குறிப்பேட்டிலிருந்து நான் எடுத்துக்கொண்ட ஓர் ஏடு அது.