புதிய காணொலி அலைவரிசையும் விளம்பரச் செலவும்

மும்பையின் விக்ரோலியில் ஓர் இல்லத்தரசி, தமது சிறு சேமிப்பைக் கொண்டு யூடியூபில் தமிழ்ச் சமையல் அலைவரிசை தொடங்குவதாகக் கொள்வோம். கட்டண விளம்பரம் அவருக்குப் பயன் தருமா?

செம்பூர், மாட்டுங்கா, தாராவிப் பகுதிகளில் தமிழ் அறிந்தோருக்கு மட்டும் விளம்பரம் காட்டவும், நாட்செலவுக்கு வரம்பு விதிக்கவும் இயலும். பார்வைக்கு 50 காசு எனக் கொண்டால், வரி நீங்கலாக ரூ. 2,000-க்கு 4,000 பார்வைகள் கிடைக்கும். அவற்றால் 40 பேரே சந்தாதாரராயின், ஒருவரைச் சேர்க்க ரூ. 50 செலவாகிறது. பார்வை எண்ணிக்கையைவிட இக்கணக்கே முக்கியமானது.

அலைவரிசைக்கு விளம்பர வருவாயில் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரரும், 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் தேவை; அல்லது அப்பார்வை நேரத்துக்குப் பதிலாக 90 நாட்களில் குறுங்காணொலிகளுக்கு 1 கோடி பார்வைகள் வேண்டும். விளம்பரமாகக் காட்டிப் பெற்ற பார்வை நேரம் அந்த 4,000 மணியில் சேராது. போலிச் சந்தாதாரரை விலைக்கு வாங்குவதோ விதிமீறலாகும்.

ஆகவே, முதலில் சில காணொலிகளை வெளியிட்டு, தாமாக வருவோர் இறுதிவரை பார்க்கும் ஒன்றை மட்டும் சிறு தொகையில் விளம்பரப்படுத்துவதே சிக்கனமாகும். சந்தாதாரர் ஒருவருக்கான செலவு குறையாவிடில், விளம்பரத்தை நிறுத்தி நிகழ்ச்சியின் தரத்தை உயர்த்துவதே முறை.