தமுக்கம் அரண்மனையில் ஓர் ஆடை

ஆரப்பாளையத்தில் நகரப் பேருந்து ஏறிச் சிம்மக்கல் வழியே வைகைப் பாலத்தைக் கடந்து, கோரிப்பாளையம் தர்காவின் குவிமாடத்தைக் கண்டவாறு சற்றுத் தொலைவு சென்றால் தமுக்கம் வந்துவிடுகிறது. அங்குள்ள காந்தி நினைவு அருங்காட்சியகத்திற்கு அண்மையில் நம் துறை மாணவர் சிலரை அழைத்துச் சென்றோம். பாதிக் கூடங்களைப் பார்த்து முடித்த நிலையில் ஒரு மாணவர், “ஐயா, இங்கே ராணி மங்கம்மாள் அரண்மனை ஒன்று உண்டு என்பார்களே, அது எங்கே?” என்று வினவினார். “நீங்கள் நிற்பதே அரண்மனைக்குள்தானே, தம்பி!” என்றோம். அவர் நிமிர்ந்து மேலே பார்த்தார். அதன் பின்னரே பிறரும் வளைவுகளையும் தூண்களையும் பார்க்கத் தொடங்கினர்.

இம்மாளிகை 1670ஆம் ஆண்டளவில் எழுந்தது என்பர். அவ்வாறாயின் அது மங்கம்மாளின் கணவர் சொக்கநாத நாயக்கர் ஆண்ட காலம். பேரனின் சார்பில் அம்மையார் ஆட்சிப் பொறுப்பேற்றது 1689இல்தான். எனினும் மக்கள் நாவில் இஃது என்றும் மங்கம்மாள் அரண்மனையே. திருச்சி நத்தர்வலி தர்காவிற்கு நிலம் வழங்கிய அவ்வம்மையாரை நாமும் நன்றியோடு நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம். நாயக்கருக்குப் பின் கருநாடக நவாபு, அவருக்குப் பின் கிழக்கிந்தியக் கும்பினி என மாளிகை கைமாறியது. ஆங்கிலேய ஆட்சியர்களும் இதில் குடியிருந்தனர். 1955இல் மாநில அரசு இதனைக் காந்தி நினைவு நிதிக்கு வழங்க, 1959 ஏப்ரல் 15ஆம் நாள் பிரதமர் நேரு அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். அதே வளாகத்தில் அரசு அருங்காட்சியகம் ஒன்றும் உளது. அது ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் நிகழ்ந்த 1981இல் தோன்றியது. நேரமின்மையால் அன்று அதனுள் நாங்கள் நுழையவில்லை.

விடுதலைப் போராட்ட வரலாறும் அண்ணலின் வாழ்க்கையும் படங்களாக விரிந்து செல்கின்றன. இறுதியில் ஒரு கண்ணாடிப் பேழை. 1948 சனவரி 30ஆம் நாள் சுடப்பட்டபோது அவர் உடுத்தியிருந்த ஆடை, குருதிக் கறையோடு அதனுள் இருக்கிறது. அதுவரை பேசிக்கொண்டு வந்த மாணவர் அனைவரும் அங்கே வாயடைத்து நின்றனர்.

இவ்வாடைக் கோலம் தொடங்கியதும் இதே மதுரையில்தான் என்பதைப் பலரும் அறிவர். 1921 செப்டம்பரில் மேலமாசி வீதியில் ஒரு வீட்டு மாடியில் தங்கியிருந்த காந்தியடிகள், 22ஆம் நாள் காலை தொப்பியையும் மேலாடையையும் களைந்து அரையாடையோடு வெளிவந்தார். ஏழைகள் பலர் கதராடை வாங்கவும் இயலாதவர் என்பது அவர் உள்ளத்தை அறுத்தது. ஆனால் பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. அப்பயணம் கிலாபத்தும் ஒத்துழையாமையும் இணைந்து நடந்த காலத்துப் பயணம். உடன் வந்த மௌலானா முகம்மது அலி செப்டம்பர் 14ஆம் நாள் வால்டேரில் கைது செய்யப்பட்டார். அண்ணலின் உள்ளத்தில் இவ்வெண்ணம் உறுதிப்பட அந்நிகழ்ச்சியும் ஒரு காரணம்.

மேலாடையைத் துறக்கப் போவதாக அவர் கூறியபோது உடனிருந்த தோழர்கள் சிலர் கலங்கினர். அதனை நன்கு உணர்ந்து ஏற்றவர் மௌலானா ஆசாத் சுபுஹானி. காந்தியடிகளே இதனை எழுதியுள்ளார். ஏற்றதோடு நில்லாமல், ஷரீஅத் இடம்தரும் அளவிற்குத் தம் உடையையும் மௌலானா குறைத்துக்கொண்டார். கால்சட்டைக்கு மாற்றாகக் கைலி. முழங்கைக்கு மேற்படாத கையுடைய சட்டை. தொழுகை வேளையில் மட்டும் தொப்பி. முதலில் அக்டோபர் 31 வரை என்றே அண்ணல் கருதிய கோலம், வாழ்நாள் முழுவதும் நீடித்தது. மௌலானாவின் பெயரைச் சொன்னபோது மாணவருள் ஒருவர்கூட அதனைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. அவர்களைக் குறைகூற நமக்கு வாயில்லை. நாமும் நாற்பது வயதை நெருங்கிய பின்னரே அறிந்தோம்.

மறுமுனையும் அவ்வாறே. 1948 சனவரி 13 முதல் 18 வரை தில்லியில் அண்ணல் நோன்பிருந்தார். மெஹ்ரோலியிலுள்ள காஜா குத்புத்தீன் பக்தியார் காக்கி தர்காவில் முஸ்லிம்கள் அச்சமின்றி உரூஸ் நடத்த வேண்டும் என்பது, நோன்பை முடிக்க அவர் கேட்ட உறுதிமொழிகளுள் ஒன்று. 27ஆம் நாள் அவரே அத்தர்காவிற்குச் சென்றார். அடுத்த மூன்றாம் நாள் அவ்வாடையில் குருதி படிந்தது.

இச்செய்திகளைப் பேழையின் அருகில் நின்று குரல் தாழ்த்திக் கூறினோம். முன்பு அரண்மனையைத் தேடிய மாணவர், “மேலமாசி வீதி வீட்டையும் பார்க்கலாமா, ஐயா?” என்றார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு, பாலத்தைக் கடந்து அவ்வீதிக்கே புறப்பட்டோம்.