புல்லட்டுக்கு இரு துளி எண்ணெய்

1955இல் சென்னையில் தொடங்கப்பெற்ற ஆலையிலிருந்து வெளிவந்த பழைய புல்லட் வண்டிகள் சில, நம் இல்லங்களில் இன்றும் ஓடுகின்றன. தந்தை ஓட்டியதை மகன் ஓட்டுகிறான். பத்து முறை மிதித்தும் வண்டி கிளம்பவில்லையென்றால் உடனே கார்புரேட்டரைக் கழற்றுவோர் பலர். நாம் முதலில் காணவேண்டியது, எரிபொருளைப் பற்றவைக்கும் பொறிக்குக் காரணமான சி.பி. பாயின்டையே.

சுழலும் கேம்மீது உராய்ந்து பாயின்டைத் திறப்பது ஒரு சிறு கட்டை. கேம் வறண்டிருந்தால் அக்கட்டை தேய்கிறது. தேயத் தேய இடைவெளி குறுகி, பொறியும் தாமதித்தே எழுகிறது. வண்டி வலுவிழக்கிறது. ஆகவே கேம்மீது மிக மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவவேண்டும். எண்ணெய் ஊறும் கம்பளித் துண்டு இருப்பின், அதற்கு இரு துளி போதும். தாராள மனத்துக்கு இங்கே இடமில்லை! சிதறும் எண்ணெய் பாயின்டின் முகத்தில் எரிந்து கரியாகி, மின்னோட்டத்தைத் தடுத்துவிடும்.

முகங்களைப் பெட்ரோல் தோய்ந்த தூய துணியால் துடைத்து உலரவிட்டு, பாயின்ட் முழுதும் திறந்த நிலையில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இடைவெளி உள்ளதா என்று ஃபீலர் கேஜ் கொண்டு பார்க்கவும். இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் மாறும். அதையும் சரிபார்த்தல் வேண்டும்.

பொறியை முந்தச்செய்யும் அட்வான்ஸ் எடைகளின் அச்சுகளுக்கும் ஒரு துளி விடுக. அவை விரிந்தபடியே இறுகிவிட்டால், மிதிக்கும் காலைக் கிக்கர் திருப்பி உதைக்கும். அவ்வுதை கணுக்காலையே முறித்துவிடக் கூடியது.