கருவுற்ற பள்ளி மாணவிக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு என்ன? ஒரு விளக்கம்

புதுதில்லி: 18 வயது நிறைவடையாத மாணவி கருவுற்ற நிலையில் மருத்துவரை அணுகினால், அத்தகவல் காவல் துறைக்குச் செல்லும். இந்த அச்சத்தாலேயே மருத்துவமனைப் பக்கம் செல்லாத குடும்பங்கள் உண்டு. ஆனால், அந்தத் தகவலில் பெயரையும் அடையாளத்தையும் குறிப்பிட வேண்டாம் என்று கோரலாம் என 2022 செப்டம்பர் 29-ஆம் தேதி உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது. பள்ளிப் பாடநூல்களிலோ வகுப்பறை உரையாடல்களிலோ இந்தச் செய்தி அரிதாகவே இடம்பெறுகிறது.

2019-21-இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 19 வயது வரையிலான பெண்களில் 6.8 சதவீதத்தினர் தாயாகவோ, கருவுற்றவர்களாகவோ இருந்தனர். திரிபுராவில் இது 21.9 சதவீதம்; மேற்கு வங்கத்தில் 16.4 சதவீதம். ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் இருக்க வேண்டியவர்களும் இந்த வயது வரம்புக்குள் வருகின்றனர்.

இரு சட்டங்கள், ஒரு சிக்கல்

2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் சம்மதத்தை ஏற்பதில்லை. சிறாருக்கு எதிரான பாலியல் குற்றம் குறித்து அறியவரும் எவரும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அதன் 19-ஆவது பிரிவு. தவறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் விதிக்கப்படலாம். மருத்துவர்களும் இதற்கு விலக்கல்ல. மாணவி திருமணமானவர் என்பதும் காரணமாகாது. 2017-இல் வேறொரு வழக்கில் உச்சநீதிமன்றம் அதையும் தெளிவாக்கிவிட்டது.

மறுபுறம், 1971-ஆம் ஆண்டின் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் ரகசியத்தை வலியுறுத்துகிறது. 2021 திருத்தத்தின்படி, கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் விவரங்களைச் சட்டப்படி அதிகாரம் பெறாதவரிடம் வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

ஒரு சட்டம் பேசச் சொல்கிறது, மற்றொன்று பேசாதிருக்கச் சொல்கிறது. நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், ஏ.எஸ். போபண்ணா, ஜே.பி. பர்திவாலா அடங்கிய அமர்வு 2022-இல் இரண்டையும் இணைத்துப் பொருள் கொண்டது. மருத்துவர் காவல் துறைக்குத் தகவல் தர வேண்டும். ஆனால் சிறுமியும் அவருடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அவருடைய அடையாளத்தையும் தனிப்பட்ட விவரங்களையும் குறிப்பிடத் தேவையில்லை. கேட்டால்தான் இது கிடைக்கும் என்பதால், உரிமையை அறிந்திருப்பது இங்கே முதன்மையாகிறது.

பாதுகாவலர் யார்?

18 வயதுக்குட்பட்டவரின் கருவைக் கலைக்கப் பாதுகாவலரின் எழுத்துபூர்வ ஒப்புதல் கட்டாயம். பாதுகாவலர் என்றால் தாய் அல்லது தந்தை மட்டுமே என்று கருதப்படுவதுண்டு. சிறாரைத் தம் பராமரிப்பில் வைத்திருப்பவர் என்றே சட்டம் வரையறுக்கிறது. எனவே, பேத்தியை வளர்க்கும் பாட்டியும் ஒப்புதல் அளிக்க இயலும். குற்றம் வீட்டுக்குள்ளேயே நிகழ்ந்திருக்கும் சூழலில் இந்த வரையறையின் மதிப்பு மிகப் பெரிது.

கால வரம்பும் கவனத்துக்குரியது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்து தேவை. இந்த நீட்டிப்பைப் பெறும் பிரிவினரில் சிறாரும் அடங்குவர். 24 வாரத்தைக் கடந்தால், கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் கண்டறிவது, தாயின் உயிரைக் காப்பது போன்ற நிலைகளைத் தவிர, நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும். அச்சத்தால் கடத்தப்படும் ஒவ்வொரு வாரமும் மாணவிக்கே இழப்பு.

பள்ளியில் கிடைப்பது

என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் இனப்பெருக்க நலமும் கருத்தடை முறைகளும் இடம்பெறுகின்றன. கருக்கலைப்புச் சட்டம் பற்றிய குறிப்போ 12-ஆம் வகுப்பு உயிரியலில்தான் வருகிறது. கலை, வணிகப் பிரிவு மாணவிகளும் இடைநின்றவர்களும் அதைப் படிக்க வாய்ப்பில்லை. ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டத்தின்கீழ் 2020 முதல் பள்ளிக்கு இரு ஆசிரியர்கள் நலத் தூதர்களாகப் பயிற்சி பெறுகின்றனர். கூச்சமின்றி இதைப் பேசும் ஆசிரியர் அமைவதைப் பொறுத்தே பலன் இருக்கும்.

2014-இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டத்தில், 10 முதல் 19 வயதினருக்கென அரசு மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் தனி ஆலோசனை மையங்கள் இயங்குகின்றன. மேற்கு வங்கத்தில் 'அன்வேஷா', மகாராஷ்டிரத்தில் 'மைத்ரி' என இவற்றின் பெயர் மாநிலந்தோறும் மாறுபடும். மாதவிடாய், ரத்தசோகை, கருத்தடை குறித்து அங்கு கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். ஆபத்தில் உள்ள சிறார் 1098 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.